பின்சீற்றிலிருந்து பார்த்த அல்ப்ஸ்

சனிக்கிழமை போட்டுக்கொண்டு போன கோட்டைக் கதிரையில் தொங்கவிட்டிருக்கிறேன். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அறைக்குள் வந்தால் இன்னும் பெற்றோல் மணக்கிறது. பெற்றோலோடு பழைய தோல் சீற்றின் மணமும் எஞ்சின் ஒயிலின் மணமும் சேர்ந்து. மகன் எட்டிப் பார்த்து, "என்னம்மா, வீடு கராஜ் மாதிரி மணக்குது, யன்னலைத் திறவுங்கோ" என்றான். நான் திறக்கவில்லை. அது உன் காரின் மணம்.

அந்தக் காரில்தான் விம்பிள்டன் பிள்ளையாரிடம் போய் வந்தேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஓட்டியது யார் என்று நினைக்கிறாய்? வதனிதான். உன் பழைய ஏ ஃபோட்டிக் காரின் சாவி இப்போது அவளுடைய கைப்பைக்குள் கிடக்கிறது. இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நீ இருந்திருந்தால், "எடியே, பேரப்பிள்ளை கண்ட வயசிலையும் உனக்கு எரிச்சலோ?" என்று கேட்டிருப்பாய். ஓம், எரிச்சல்தான். உன்னிடம் ஒளித்து எனக்கு இனி என்ன வரப்போகிறது?

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு உன் மகள் என்னையும் வதனியையும் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கார் போர்வைக்குள் நின்றது. "அன்ரி, அம்மான்ரை காரை வதனி அன்ரி கீப் பண்ணட்டும். உங்களுக்கு ஒட்டோமற்றிக் லைசென்ஸ்தானே? யூ டோன்ட் மைண்ட், நோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். உன் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டால் நான் என்ன சொல்ல? "எனக்கென்ன பிள்ளை, நல்ல விஷயம்" என்றேன். வீட்டுக்கு வந்து வெங்காயம் வெட்டத் தொடங்கினேன். ஒரு கலியாண வீட்டுக்குக் காணுமளவு வெட்டிவிட்டுத்தான் கத்தியைக் கீழே வைத்தேன்.

கியர் பழகு, கியர் பழகு என்று நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய். "ஒருநாளைக்கு என்னாலை ஏலாமல் வந்தால் இந்தக் கிழவியை ஆரடி ஓட்டுறது?" என்பாய். காரைக் கிழவி என்றுதான் கூப்பிடுவாய். எனக்குக் கால் நோவு, கிளச்சை மிதிக்க ஏலாது என்று நான் சாட்டுச் சொல்வேன். உண்மைக் காரணம் வேறு. நான் ஏன் பழக வேண்டும்? பழகினால் ஓட்டச் சொல்வாய். ஓட்டினால் உனக்குப் பக்கத்தில் இருக்கிற இடம் போய்விடும். முன்னால், இடது பக்கத்து சீற் என்னுடையது. தேர்த்திருவிழாவோ, சாமத்தியவீடோ, சவுத்தெண்ட் கடற்கரையோ, எங்கே போனாலும் நீ ஓட்ட நான் தோடம்பழம் உரித்து ஒவ்வொரு சுளையாக உன் வாயில் வைத்துக்கொண்டு வருவேன். உன் அவருக்கே அந்த சீற் கிடைத்ததில்லை. பாவம் மனிசன், பின்னுக்கு இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டு வருவார்.

அப்படி இருந்த எங்களுக்குள் வதனி எப்படி வந்தாள் என்பது உனக்கும் தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் வராந்தாவில், பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றோம். பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்க வேண்டுமென்று சுவிசிலிருந்து கிளம்பி வந்த குடும்பம் அவளுடையது. பெரிய சொக்லேற் பெட்டியோடு வந்து நின்றாள். சொக்லேற்றைப் பற்றிக்கூட நான் கவலைப்படவில்லை. வெளியே நின்ற காரைப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்தக் கார் குளிருக்கை லேசிலை ஸ்டார்ட் வருமோ? சோக்கை எவ்வளவு இழுக்கிறனீங்கள்?" என்று கேட்டாள் பார், அங்கேதான் எல்லாம் பிழைத்துப்போனது. உன் முகம் மலர்ந்துவிட்டது. தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போய் போனட்டைத் திறந்தாய். அந்தக் காருக்குள் அத்தனை வருஷம் இருந்தும் நான் ஒருநாளும் கேட்காத கேள்வி அது. கேட்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

உன்னோடு எனக்கு எப்போதும் 'நீ'தான். அவளோடு இன்றைக்கும் 'நீர்'தான். என்னை விட இளையவள், அக்கா அக்கா என்று காலுக்குள் சுற்றுகிறவள், ஆனாலும் என் வாயில் 'நீ' வருவதில்லை.

பென்ஷன் எடுத்து வேலையால் நின்ற அடுத்த கிழமையே நீ என் வீட்டுக்கு வந்து, "கிழவியைக் கூட்டிக்கொண்டு அல்ப்ஸ் ஏறுவமோ?" என்று கேட்டாய். எனக்குக் காலும் கையும் ஓடவில்லை. நீயும் நானும், மலை, பழைய கார். மனதுக்குள் தோடம்பழம்கூட வாங்கிவிட்டேன். அப்போதுதான் சொன்னாய்: "வதனியும் வாறா. அவவுக்கு அந்தப் பக்கத்து றோட்டெல்லாம் தண்ணிபட்ட பாடு."

"வரட்டுமேன்" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது உனக்கு விளங்கியிருக்கும்.

பயணத்துக்கு முன் காரை மனோர் பார்க் முருகனிடம் கொண்டுபோய்ப் பூசை வைத்தோம். வதனி பழத்தட்டும் தேங்காயும் தேசிக்காயும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். தட்டைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. "ஒரு நிமிஷம், வாறன்" என்று சொல்லிவிட்டு ஈஸ்ட்ஹாம் பக்கம் பஸ் ஏறினேன். அங்கே ஒரு கடையில் இருந்ததிலேயே பெரிய மாலையை வாங்கினேன். துணிப்பூவும் சரிகையும் வைத்துக் கட்டிய மாலை, என் தொடைத் தடிப்பு. நிஜப்பூ என்றால் வழியில் வாடிவிடும், இது லண்டன் திரும்பும்வரை இருக்கும் என்று கடைக்காரரும் சொன்னார். குருக்கள் லைற்றுகளுக்குச் சந்தனம் வைத்தார். ரயருக்குக் கீழே வைத்த தேசிக்காய்களின் மேல் நீ மெதுவாக ஏற்றி இறக்கினாய். மாலையைக் காரின் முகத்துக்குக் குறுக்கே போட்டு, காற்றுக்குப் பறக்காமல் நைலோன் கயிற்றால் கம்பிகளோடு சேர்த்து இறுக்கிக் கட்டியது நான்தான். வதனியின் பழத்தட்டை யாரும் பார்க்கவில்லை, என் மாலையைத்தான் றோட்டில் போனவர்கள் எல்லாரும் நின்று படம் எடுத்தார்கள். அன்றைக்கு எனக்கு நல்ல பசி எடுத்தது.

டோவரில் கப்பல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியதுமே என் கெட்ட காலம் தொடங்கியது. அங்கே வாகனங்கள் வலது பக்கத்தால் போகும். உன் காருக்கு ஸ்டியரிங்கும் வலது பக்கம். முன்னால் லொறி போனால் உனக்கு எதிரே வருவது தெரியாது, இடது சீற்றில் இருக்கிறவர்தான் எட்டிப் பார்த்து 'போகலாம்', 'பொறு' என்று சொல்ல வேண்டும். "எடியே, நீ பின்னுக்கு இரு. வதனி முன்னுக்கு வரட்டும், அவவுக்கு இந்த ஊர்ப் பழக்கம் தெரியும்" என்றாய். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய்! நான் இறங்கிப் பின்னால் போய், சாப்பாட்டுப் பெட்டிக்கும் கம்பளிகளுக்கும் நடுவில் இருந்தேன். பிரான்ஸ் முழுவதும் உங்கள் இரண்டு பேருடைய பிடரியைத்தான் பார்த்தேன். "இப்ப போகலாம் அக்கா." "பொறுங்கோ, பொறுங்கோ." "ஆ, சரி, எடுங்கோ." அவள் சொல்லச் சொல்ல நீ எடுத்தாய். நான் தோடம்பழத்தை உரித்து நானே சாப்பிட்டேன்.

சுவிசுக்குள் ஃபூர்க்கா கணவாய் ஏறத் தொடங்கும் இடத்தில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். முதல்நாள் பெய்த மழையில் மாலை ஊறிப் பொம்மிப்போய்க் காரின் மூக்கை அப்படியே மூடிக்கொண்டிருந்தது. வதனி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதைக் கழட்டி உள்ளுக்கை வைப்பமே? ஏத்தத்திலை ரேடியேற்றருக்குக் காத்துப் போகாது" என்றாள்.

"பூசை வைச்ச மாலை. பயணம் முடியாமல் கழட்டக்கூடாது. உமக்குத் தெரியாட்டில் பேசாமல் இரும்" என்றேன்.

அவள் உன்னைப் பார்த்தாள். நீ மாலையைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். எஞ்சின் பற்றி உனக்குத் தெரியாததா? தெரிந்துகொண்டே, "கிடக்கட்டும் வதனி. மெல்லமாய் ஏறுவம்" என்றாய். அதை மட்டும் நான் என் பக்கத்து வெற்றியாக இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

பாதி மலையில் கிழவி பொங்கிவிட்டாள். வளைவுக்கு மேல் வளைவு, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. போனட் இடுக்கால் வெள்ளையாக ஆவி அடித்தது. நீ ஓரத்தில் நிறுத்திவிட்டு இறங்கி, சால்வையால் பிடித்து ரேடியேற்றர் மூடியைத் திருகினாய். ஆறவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்று எல்லாருக்கும் பாடம் சொல்லுகிறவள் நீ. பின்னால் வாகனங்கள் கோர்ண் அடித்த அவசரத்தில் சால்வை வழுகி, கொதிதண்ணீர் கையில் அடித்துவிட்டது. "ஐயோ அம்மா!" என்று நீ கத்தியது எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. உள்ளங்கை முழுக்கச் சிவந்துபோய்விட்டது. நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ஐஸ் தண்ணீரை ஊற்றினேன். தண்ணீர் முடிந்ததும், குளிர்ந்த தயிர் வாளிக்குள் உன் கையை மணிக்கட்டு வரை அமுக்கிப் பிடித்தேன். அந்த நோவுக்குள்ளும் நீ சிரிக்கத் தொடங்கினாய். "எடியே, சோத்தையும் கொண்டுவா, என்னைப் பிசைஞ்சு சாப்பிடுவம்." எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அந்தக் கொஞ்ச நேரம் நீ முழுக்க என்னுடையவளாக இருந்தாய்.

அதற்குள் வதனி தன் கைப்பையிலிருந்த சின்னக் கத்தரிக்கோலால் நைலோன் கயிற்றை வெட்டி மாலையை எடுத்துவிட்டாள். 'நான் அப்பவே சொன்னனான்' என்றாவது சொல்லியிருக்கலாம், எனக்குத் திருப்பிச் சண்டை பிடிக்க ஒரு பிடி கிடைத்திருக்கும். பின்னால் நின்ற வான்காரரிடம் போய் டொச்சில், அந்த ஜேர்மன் பாஷையில், கதைத்துக் கான் நிறையத் தண்ணீர் வாங்கி வந்தாள். எஞ்சின் ஆறியதும் மெல்ல மெல்ல ஊற்றினாள். மாலையை நான் பின்சீற்றில் என் மடியில் வைத்துக்கொண்டேன். அது என் பாவாடையை நனைத்துக் குளிர்ந்தது.

உன்னால் ஸ்டியரிங்கைப் பிடிக்க ஏலாது. எனக்குக் கியர் தெரியாது. "ஆரையும் கூப்பிட்டுக் காரைக் கட்டி இழுப்பிச்சுக்கொண்டு இறங்குவம்" என்றேன் நான். நீ கையைத் துடைத்துவிட்டு, மற்றக் கையால் சாவியை எடுத்து வதனியிடம் நீட்டினாய். "இந்தா, நீ ஓட்டு."

அன்றுவரை நீயும் அவளை 'நீர்' என்றுதான் கூப்பிட்டாய். அந்த 'நீ' எனக்கு உடனே பிடிபட்டது. அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும், சாவியை இரண்டு கையாலும் வாங்கினாள்.

அந்தக் காருக்குக் கியர் ஸ்டியரிங்கோடு ஒட்டியிருக்கும், புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு அது வசப்படாது. நான் பின்னால் இருந்துகொண்டு என்ன கும்பிட்டேன் தெரியுமா? கடவுளே, ஒருக்காவாவது கியர் கிறீச்சென்று கத்தட்டும். விழுந்தால் மூன்று பேரும் பள்ளத்துக்குள், அது தெரிந்தும் கும்பிட்டேன். கத்தவில்லை. வெண்ணெய்க்குள் கத்தி போவது போல் போட்டாள். வளைவுகளில் முதலே வேகம் குறைத்து, கிழவிக்கு மூச்சு வாங்க இடம் கொடுத்து, மெல்ல மெல்ல ஏற்றினாள்.

அப்போதுதான் உன்னைப் பார்த்தேன். எதிரே வாகனம் வருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டிய சீற்றில் இருந்துகொண்டு நீ கண்ணை மூடியிருந்தாய். சுட்ட கையை மடியில் மலர்த்தி வைத்திருந்தாய். தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. வதனி ஓரக்கண்ணால் உன்னை ஒருதரம் பார்த்தாள், பிறகு றோட்டைப் பார்த்தாள், அவளுடைய தோள் இறுகிப்போனது. நான் முன்னால் எட்டி, இரண்டு சீற்றுக்கும் நடுவே தலையை நீட்டி, "பஸ் வருகுது, பொறும்", "இப்ப எடும்" என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. யாருக்குச் சொன்னேன்? வதனிக்கு! என் தலைவிதியைப் பார்.

உச்சியில் நீ கண்ணைத் திறந்து, "வந்திட்டமோ?" என்றாய். கீழே பனிப்பாறை உருகிப்போகாமல் வெள்ளைப் போர்வை போர்த்தி வைத்திருந்தார்கள். "பார், மலைக்கும் குளிருதாம்" என்று சொல்லி வதனியின் தோளில் சாய்ந்து சிரித்தாய். அதைப் படம் எடுத்தது நான். உன் செத்தவீட்டில் திரையில் பெரிதாகப் போட்டார்களே, எல்லாரும் பார்த்து அழுதார்களே, அதே படம்தான். "எவ்வளவு ஒற்றுமையான சிநேகிதியள்" என்று எனக்குப் பக்கத்தில் இருந்த மனுசி மூக்கைச் சிந்தினா. படத்தில் இருக்கிறவர்களைத்தான் சனம் பார்க்கும், எடுத்தவளை யார் கேட்கிறார்கள்?

பிறகு உனக்கு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தாய். ஆஸ்பத்திரியில் ஒருநாள் பின்னேரம், நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே நீ சொல்லத் தொடங்கினாய். "எடியே, என்ரை சீவியத்திலை மற்றவை ஓட்ட நான் கண் மூடினதில்லை. அவர் ஓட்டினாலும் நான் பக்கத்திலை இருந்து காலாலை பிரேக்கை மிதிச்சுக்கொண்டுதான் வருவன். பஸ்ஸிலையும் நித்திரை வராது. அண்டைக்கு அந்த மலையிலை, வதனி ஓட்டேக்கை, எனக்கு நித்திரை வந்தது. பயமே இல்லை. சின்னப்பிள்ளை மாதிரி நித்திரை கொண்டனான்."

இதைச் சொல்லிவிட்டு ஒரு சுளையை வாங்கி வாயில் வைத்தாய். நான் தோடம்பழக் கோதுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நீ ஓட்டிய காரில் நான் எத்தனை தரம் வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொண்டிருப்பேன். வீட்டுக்குக் கிட்ட, ஹரோ வந்ததும் நீ தட்டி எழுப்புவாய். உனக்கும் அப்படி ஒரு நித்திரை வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது. அது உனக்கு ஒரேயொரு தரம் கிடைத்திருக்கிறது, அதுவும் அவளிடம். என்னடி இது நியாயம்?

அவளிடம் சொல்லு என்று நீ சொல்லவில்லை. நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன், சொல்லவே இல்லை.

சனிக்கிழமை வதனி என் வீட்டு வாசலில் வந்து கோர்ண் அடித்தாள். முன்சீற்றுக் கதவைத் திறந்து பிடித்தாள். ஏறி இருந்தேன். எத்தனை நாள் எரிந்தேன் அந்த இடத்துக்காக, இப்போது எனக்குத்தான் அது, போட்டிக்கு ஆளில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் நீ இல்லை. பிள்ளையாருக்கு உன் பேரில் அர்ச்சனை செய்தோம். திரும்பி வரும்போது சிவப்பு லைற்றில் நிற்க, அவள் முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, கன நாளாய்க் கேக்கோணும் எண்டு இருந்தனான். அண்டைக்கு மலையிலை நான் ஓட்டேக்கை அவ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வந்தவ. என்ரை ஓட்டத்துக்குப் பயந்துதானே? இந்தக் கார்ச் சாவியை எடுக்கிற நேரமெல்லாம் அது ஞாபகம் வருது. அவ உங்களிட்டை ஏதும் சொன்னவவோ?"

உன் காரை வைத்திருக்கிறவள், உன் படத்தில் நிற்கிறவள், உன்னைத் தோளில் தாங்கியவள், இத்தனையும் கிடைத்தும் நீ தன்னை நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டு அந்தக் காரை ஓட்டித் திரிகிறாள். அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது.

"எனக்கென்ன தெரியும் வதனி," என்றேன். "நான் பின்சீற்றிலை எல்லோ இருந்தனான்."

லைற் பச்சைக்கு மாறியது. அவள் தலையை ஆட்டிவிட்டுக் காரை எடுத்தாள். கியர் கிறீச்சென்று கத்தியது. நான் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

மூன்று நாளாக யோசிக்கிறேன். ரெலிபோனை எடுத்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அழுவாள், பிறகு வாழ்நாள் முழுக்க அந்த நித்திரையை வைத்துச் சந்தோஷப்படுவாள். எடுக்கிறேன், வைக்கிறேன். நீ கடைசியாக என்னிடம் மனம்விட்டுச் சொன்ன கதை அது, எடியே. அதற்குள் நான் ஒரு மூலையிலும் இல்லை. ஆனால் என்னிடம்தானே சொன்னாய்.